எழுத்துரு தொலைந்தால் எழுத்தும் தொலையும்



எந்த மென்பொருளும் தனித்து ஓடுவதில்லை. பிறர் எழுதிய சிறு நிரல்களை நம்பியே ஓடுகிறது. 2016 மார்ச்சில், 11 வரியே உள்ள 'லெஃப்ட்-பேட்' என்ற நிரலை எழுதியவர் அதைப் பொதுக் களஞ்சியத்திலிருந்து நீக்கிவிட்டார். உலகெங்கும் பல திட்டங்கள் நின்றுபோயின. சில மணி நேரத்தில் அதைத் திரும்ப வைத்த பிறகே நிலைமை சரியானது.

இந்தப் பாட்டைத் தமிழர்கள் 1990-களிலேயே பட்டுவிட்டோம். அன்று நாம் நம்பியிருந்தது எழுத்துருவை. 'பாமினி' எழுத்துருவில் ஆங்கிலச் சின்ன 'எம்' இருக்கும் இடத்தில் 'அ' வரையப்பட்டிருக்கும். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் கோப்பைத் திறந்தால் 'அம்மா'வைக் காணோம், ஆங்கிலக் குப்பைதான் தெரியும். ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒவ்வொரு குறியீடு. விண்டோஸுக்கு ஒன்று, மேக்கிண்டாஷுக்கு ஒன்று என்று எழுத்துருவையும் கோப்போடு சுமக்க வேண்டும்.

1998 பொங்கலன்று சுவிட்சர்லாந்திலிருந்து கு. கல்யாணசுந்தரம் தொடங்கிய மதுரைத் திட்டமும் இதில் சிக்கியது. இணைய நண்பர்கள் கூடி 'திஸ்கி' என்ற பொதுக் குறியீட்டை உருவாக்கினார்கள். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டின் வழியாக 'டாம்', 'டாப்' வந்தன. பொதுவுக்கே மூன்று!

இத்தனைக்கும் 1991-இல் வந்த யூனிகோடின் முதல் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் இருந்தது. இயங்குதளங்கள்தான் பின்தங்கின. விண்டோஸ் 2000-இல் 'லதா' எழுத்துரு வந்த பிறகே வழி பிறந்தது. மதுரைத் திட்டம் தன் நூல்களை யூனிகோடுக்கு மாற்றியது. தமிழக அரசு 2010-இல் அதை ஏற்றது. இன்று எந்தக் கைபேசியிலும் அந்நூல்களைப் படிக்கலாம்.

ஆனால் நம் திருவண்ணாமலையில் அந்நாளில் டிடிபி கடைகளில் அடித்த பள்ளி ஆண்டு மலர்கள், கோயில் விழா மலர்கள், உள்ளூர்க் கவிஞர்களின் நூல்கள்? அவற்றின் கோப்புகள் பழைய சிடிக்களில் இருந்தால், எந்த எழுத்துருவில் அடித்தது என்று அச்சிட்டவரிடம் இன்றே கேட்டு எழுதி வையுங்கள். எழுத்துருவின் பெயர் தெரிந்தால் மாற்றிக் கொடுக்க இலவச மென்பொருள்கள் உண்டு. பெயர் தெரிந்தவர்களுக்கும் என்னைப் போல் வயதாகிறது.