கருப்பு யாரு? - கம்பத்துப் பக்கம் ஒரு துப்பறியும் வரலாறு

டிஸ்கியை முதல்லயே போட்டுடறேன். இந்தப் பதிவுல 'விடாது கருப்பு' தொடரோட முடிவு இருக்கு. இருபத்தஞ்சு வருஷத்துக்கு மேல ஆச்சு, இனிமேதான் பாக்கப்போறேன்னு சொல்றவங்க இங்கயே எறங்கிக்கலாம். மத்தவங்க வாங்க, கொசுவத்தி சுத்துவோம்.

எழுத்தாளர் இந்திரா சௌந்தர்ராஜன் 2024 நவம்பர்ல மதுரையில காலமான சேதி வந்த அன்னிக்கு ராத்திரி, யூட்யூப்ல பழைய 'மர்மதேசம்' பாகங்களைத் தேடிப் போட்டேன். அந்தக் குதிரைக் குளம்படிச் சத்தம் கேட்டதும் உடம்பு அப்படியே சிலிர்த்துடுச்சு. பக்கத்துல படுத்திருந்த என் பையன் கண்ணைத் திறக்காமலே "என்னப்பா இது, சவுண்டைக் கொறைங்க"ன்னான். அவனுக்கு என்ன தெரியும், அந்தச் சத்தத்துக்கு ஒரு காலத்துல ஊரே தெருவைக் காலி பண்ணுச்சுன்னு!

தெரியாதவங்களுக்கு ரெண்டு வரி. பாலகைலாசம் நடத்தின மின்பிம்பங்கள் தயாரிப்பு, நாகா இயக்கம், சன் டிவியில வாராவாரம் வந்தது. 'விட்டுவிடு கருப்பா'ங்கற நாவல்தான் மூலம். தோட்டக்காரமங்கலம்னு ஒரு கிராமம். அங்க தப்பு பண்றவங்க ஒவ்வொருத்தரா சாவாங்க. கருப்புசாமி தண்டிச்சுருச்சுன்னு ஊர் சொல்லும். சின்ன வயசு ராஜேந்திரன் கதை ஒரு பக்கம், அவன் வளர்ந்த பிறகு நடக்கற கதை ஒரு பக்கம்னு மாத்தி மாத்திக் காட்டுவாங்க. பெரிய ராஜேந்திரனா நடிச்சவர் சேத்தன். கொல்றது சாமியா, மனுஷனா? மனுஷன்னா யாரு? இதுதான் கேள்வி.

இது 97 வாக்குல. தேனி மாவட்டம் மதுரையிலிருந்து பிரிஞ்சது 1996ல, அதனால கலெக்டர் ஆபீசும் புதுசு, எங்க ஊர் கேபிள் கனெக்‌ஷனும் புதுசு. எங்க ஊர் கம்பத்துலேர்ந்து சுருளிப்பட்டி போற பக்கம், திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவுல இருக்கு. அங்கேர்ந்து கொஞ்ச தூரத்துல லோயர் கேம்ப்ல பெரியாத்துத் தண்ணியை வச்சுக் கரண்ட் எடுக்கறாங்க. ஆனா சரியா கருப்பு வர்ற நேரத்துக்கு எங்க தெருவுல கரண்ட் போகும். என்ன நடந்துச்சுன்னு மறுநாள் டீக்கடையில கேட்டா, ஆளுக்கு ஒரு கதை சொல்வாங்க. பாக்காததையும் சேத்துச் சொல்லுவாங்க :-)

நான் அப்போ பத்தாம் வகுப்பு. கணக்கு நோட்டோட கடைசிப் பக்கத்துல யார் யார் மேல சந்தேகம்னு ஒரு பட்டியலே வச்சிருந்தேன். வாரம் ஒரு பேரை அடிப்பேன், வாரம் ஒரு பேரைச் சேப்பேன். பரிட்சைக்குக்கூட அவ்வளவு உழைச்சதில்ல.

ஊர்ல ரெண்டு கட்சி. ஒண்ணு சாமிக் கட்சி. என் அப்பத்தா அதுக்குத் தலைவி. "கருப்பு யாருன்னு ஒரு கேள்வியா? கருப்பு கருப்புதான்டா. பேசாமப் படத்தைப் பாரு." இன்னொண்ணு ஆள் கட்சி. அதுல ஒருத்தர் ஜீப் டிரைவர் அண்ணன். விடியக்காலை கம்பம் மெட்டு ஏறி ஏலத்தோட்டத்துக்கு வேலையாட்களைக் கொண்டுபோய் விட்டு, சாயந்திரம் கூட்டிட்டு வர்றவர். அவர் முடிவு தெரியறதுக்கு ரொம்ப முன்னாடியே சொல்லிட்டாரு. "செய்யறவனுக்கே தான் செய்யறது தெரியாதுடா தம்பி."

எல்லாரும் சிரிச்சோம். அவர் எப்படிக் கண்டுபிடிச்சார்னு அப்புறந்தான் புரிஞ்சுது. குமுளியில மலையாளப் படம் பாக்கற ஆளு அவர். பாசில் எடுத்த 'மணிச்சித்திரத்தாழ்' 1993லயே வந்துருச்சு. அதுல ஷோபனா தன்னை அறியாம நாகவல்லியா மாறுவாங்க, டாக்டரா வர்ற மோகன்லால் கண்டுபிடிப்பார். தமிழ்நாட்டுல பல பேருக்கு இந்தச் சமாச்சாரம் 2005ல 'சந்திரமுகி'யும் 'அந்நியனும்' வந்தப்போதான் பழக்கமாச்சு. எங்க டிரைவர் அண்ணனுக்கு மலைக்கு அந்தப் பக்கத்துலேர்ந்து விடைத்தாள் முன்கூட்டியே வந்துருச்சு, அவ்வளவுதான்.

தொடர் முடிஞ்சப்போ அவர் சொன்னதுதான் சரி. ராஜேந்திரன்தான் கருப்பு, ஒரு உடம்புக்குள்ள ரெண்டு ஆளுன்னு மருத்துவ விளக்கமும் வந்துச்சு. ஆனா சாமியை ஒரேயடியா வெளிய அனுப்பாம, அதுக்கும் ஒரு எடம் விட்டுத்தான் முடிச்சாங்க. அப்பத்தா கட்சியும் தோக்கல.

இந்த 'சாமியா, மனுஷனா' விளையாட்டு நம்ம ஊருக்கு மட்டும் சொந்தமில்ல. அமெரிக்காவுல 1990ல 'ட்வின் பீக்ஸ்'னு ஒரு தொடர். லாரா பாமரைக் கொன்னது யாருன்னு நாடே மண்டையைப் பிச்சுக்கிச்சு. அந்த நவம்பர்ல விடை வந்துச்சு. கொன்னது அப்பாதான், ஆனா அவருக்குள்ள ஒரு ஆவி புகுந்து செஞ்சுது. நம்ம கருப்புக்கு ஒண்ணுவிட்ட பங்காளி மாதிரி இல்ல? அட, டிவியை விடுங்க. ஆதித்த கரிகாலனைக் கொன்னது யாருன்னு 'பொன்னியின் செல்வன்' கல்கியில வந்த 1950லேர்ந்து நாம அடிச்சுக்கிட்டுத்தான் இருக்கோம். உடையார்குடிக் கல்வெட்டுல ரவிதாசன், சோமன், பரமேஸ்வரன்னு பேரே வெட்டி வச்சிருக்கு. அப்பவும் நீலகண்ட சாஸ்திரிக்கு உத்தம சோழன் மேல சந்தேகம், சதாசிவ பண்டாரத்தார் இல்லவே இல்லைன்னு எழுதினார். கல்வெட்டுல எழுதி வச்சாலும் நமக்குப் போதாது. நாமளே கண்டுபிடிக்கணும்.

ஆனா ஆள் கட்சியில இன்னொருத்தர் இருந்தார். எங்க பெரிய தாத்தா. அவர் படமே பாக்க மாட்டார், திண்ணையில உக்காந்து சத்தத்தை மட்டும் கேப்பார். "கருப்புன்னா அந்தக் காலத்துல ஆளுதான்டா. காவக்காரன். ராத்திரி வேல்கம்போட சுத்துனவன்"னு ஒருநாள் சொன்னார். கிழவர் உளர்றார்னு விட்டுட்டேன். பின்னால, வேலைக்குப் போய், பழைய புத்தகங்களைப் புரட்ட ஆரம்பிச்ச பிறகுதான் அவர் சொன்னது பிடிபட்டுச்சு.

வெள்ளைக்காரன் போலீஸ் வேரூன்றதுக்கு முன்னாடி மதுரைச் சீமையில குடிக்காவல்னு ஒரு ஏற்பாடு. ஊர் காவல்காரருக்கு அறுவடையில பங்கு குடுக்கும். களவு போனா அவர் பொருளைக் கண்டுபிடிக்கணும், இல்லாட்டி ஈடு கட்டணும். மாடு களவு போனா 'துப்புக்கூலி'ன்னு ஒண்ணு. 1906ல வந்த மதுரை கெசட்டியர்ல டபிள்யூ. பிரான்சிஸ் இதை எழுதியிருக்கார். மாட்டு விலையில பாதி மாதிரி ஒரு தொகையைக் குடுத்தா, மாடு எங்கயோ கட்டிக்கெடக்கும், போய் அவுத்துக்கிட்டு வரலாம். துப்பு சொல்றவனும் களவாண்டவனும் ஒரே கூட்டம்னு அந்த அதிகாரி கண்ணுக்குத் தெரிஞ்சுது. அவர் கண்ணாடி அது. ஆனா வார்த்தையைக் கவனிங்க. நாம 'துப்பறியும் கதை'ன்னு சொல்றோமே, அந்தத் துப்பு இங்க தினசரிப் புழக்கத்துல இருந்துச்சு. அதுக்குக் கூலியும் இருந்துச்சு! காவலுக்கு ஆளும் சாமியும் சேந்தே நின்ன ஊர். அதனாலதான் தாத்தாவுக்குக் கருப்பை ஆளா நெனைக்கறதுல ஒரு சங்கடமும் இல்ல.

அப்புறம் என்ன ஆச்சு? 1896ல திண்டுக்கல் பக்கம் ஆரம்பிச்சு கள்ளர் காவலை எதிர்த்து ஒரு பெரிய கிளர்ச்சி. அடுத்து 1911ஆம் வருஷத்துக் குற்றப் பரம்பரைச் சட்டம், சில வருஷத்துல பிறமலைக் கள்ளர்கள் மேல பாஞ்சது. எங்க பக்கத்துப் பெரியவங்க அதை 'ரேகைச் சட்டம்'னுதான் சொல்வாங்க. தப்பு பண்ணிருக்கணும்னு இல்ல, பொறந்தா போதும். கைரேகை வைக்கணும், ராத்திரி ஸ்டேஷன்ல போய்ப் படுக்கணும். 1920 ஏப்ரல் 3ல உசிலம்பட்டிப் பக்கம் பெருங்காமநல்லூர்ல ரேகை வைக்க மாட்டோம்னு நின்னவங்களைப் போலீஸ் சுட்டுச்சு. சென்னை மாகாணத்துல சட்டத்தை எடுத்தது 1947ல. அதாவது, 'யாரு செஞ்சிருப்பா?'ங்கற கேள்விக்கு விசாரணையே இல்லாம ஒரு பதிலை அரசாங்கம் நோட்டுல எழுதி வச்சிருந்த காலம் முப்பது வருஷத்துக்குக் கிட்ட.

இதையெல்லாம் நான் ஏன் இவ்வளவு இழுக்கறேன்னா, என் நோட்டுக்கும் இதுக்கும் ஒரு தொடர்பு இருக்கு. இதுவரைக்கும் யார்கிட்டயும் சொன்னதில்ல.

தொடர் உச்சத்துல ஓடிட்டிருந்தப்போ எங்க பக்கத்துத் தோட்டத்துல மோட்டார் ரூமை உடைச்சு காயில், ஒயரையெல்லாம் அறுத்துக்கிட்டுப் போயிட்டாங்க. டீக்கடையில கருப்பு பேச்சு நின்னு மோட்டார் பேச்சு ஆரம்பிச்சுது. எனக்கோ துப்பறியும் பைத்தியம் உச்சத்துல. பெரிய மனுஷனாட்டம் சொன்னேன்: "கதையில யார் மேல சந்தேகமே வராதோ அவன்தான் செஞ்சிருப்பான். அந்தத் தோட்டத்துல யார் மேல சந்தேகம் வராது? ராத்திரி தண்ணி கட்டறாரே, அவர் மேலதான."

எல்லாரும் சிரிச்சாங்க. ஒருத்தர் மட்டும் சிரிக்கல. "பையன் சொல்றதும் சரிதான். அவுங்க தாத்தன் ரேகை வச்ச ஆளுதான"ன்னார். அந்த ஒரு வார்த்தையில பேச்சு விளையாட்டுலேர்ந்து எறங்கிப்போச்சு. சட்டம் போய் ஐம்பது வருஷம் ஆகியிருந்துச்சு அப்போ.

போலீசுக்குப் போகல. கருப்பு கோயிலுக்குக் கூட்டிட்டுப் போனாங்க. சூடத்தைக் கொளுத்தி, அணைச்சு சத்தியம் பண்ணச் சொன்னாங்க. நானும் போய்க் கூட்டத்துல நின்னேன், மறைஞ்சு. அவர் ஒரு வார்த்தை எதுத்துப் பேசல. உள்ளங்கையால சூடத்தை அழுத்தி அணைச்சுட்டு, "எடுத்திருந்தா கருப்பு என்னை எடுத்துக்கட்டும்"னு சொல்லிட்டு நடந்துட்டார். ஒண்ணும் ஆகல அவருக்கு. ஆனா அடுத்த வாரம் குடும்பத்தோட ஜீப் ஏறி ஏலத்தோட்டத்துப் பக்கம் போயிட்டார். தினம் போய்ட்டு வர்ற கூட்டத்துல இல்ல, மொத்தமா.

ரெண்டு மாசம் கழிச்சு உத்தமபாளையம் பக்கம் ஒரு பழைய இரும்புக் கடையில விஷயம் வெளிய வந்துச்சு. தோட்டக்காரரோட சொந்தக்காரப் பையனே சீட்டாட்டக் கடனுக்கு வித்திருக்கான். அவனை யாரும் கோயிலுக்குக் கூப்பிடல. "சின்னப் பய, புத்தி கெட்டுப்போச்சு"ன்னு முடிச்சுட்டாங்க. தண்ணி கட்டறவர்கிட்ட போய் யாராவது சொன்னாங்களான்னா, அதுவும் இல்ல. என் நோட்டைக் கிழிச்சு அடுப்புல போட்டேன். அப்பத்தா எதுவும் கேக்கல, ஆனா பாத்துச்சு.

2011ல தீபாவளிக்கு ஊருக்குப் போனப்போ கம்பம் பஸ் ஸ்டாண்டுல அவரைப் பாத்தேன். தலை நரைச்சு, தோள்ல ஒரு பை. அவரே என்னைக் கண்டுபிடிச்சு, "நீ இன்னார் பேரன்தான?"ன்னார். எனக்கு நாக்கு ஒட்டிக்கிச்சு. டீ வாங்கிக் குடுத்தேன். மன்னிப்புக் கேக்கணும்னு வாயைத் திறந்தேன், "மேல குளிர் எப்படி மாமா?"ன்னுதான் வந்துச்சு.

குளிரைப் பத்திச் சொன்னார், ஏலக்கா வெலை பத்திச் சொன்னார். டம்ளரைக் கீழ வச்சுட்டுத் திடீர்னு கேட்டார். "ஆமா, அந்தக் கருப்பு படம் ஓடுச்சே, ஒங்க வீட்டு வாசல்ல நின்னு பாப்பேன். பாதியில நான் மேல போயிட்டேன், அங்க டிவி இல்ல. கடைசில யாருப்பா அது?"

சொன்னேன். ராஜேந்திரன்னு.

"அந்தப் பையனா?" கொஞ்ச நேரம் யோசிச்சார். "அவனுக்கே தெரியாமயா செஞ்சான்?"

"ஆமா மாமா. தெரியாமத்தான்."

"பாவம்தான்"னு சொல்லிட்டுப் பையை எடுத்துத் தோள்ல மாட்டினார். கம்பம் மெட்டு ஜீப்காரன் ஆரன் அடிச்சுக்கிட்டே இருந்தான்.