கடல்வழியும் மனவடுவும்: யாழ்ப்பாணத் தீவகத்தில் போர்க்கால நெருக்கீடும் அதற்கான ஆதரவும்

1. எடுகோள்

நெருக்கீட்டுக்குப் பிற்பட்ட மனவடு நோயின் அடையாளங்களுள் ஒன்றாகத் தவிர்த்தலை மருத்துவ நூல்கள் குறிப்பிடுகின்றன. கொடுமை நிகழ்ந்த இடத்தையும் அதை நினைவூட்டும் ஒலி, மணம், ஆட்களையும் விட்டுப் பாதிக்கப்பட்டவர் விலகுகிறார். அந்த விலகலைப் பாதுகாப்பான சூழலில் படிப்படியாகக் குறைப்பது சிகிச்சையின் ஒரு பகுதி. விலக விரும்புபவருக்கு விலகி நிற்க ஓர் இடம் உண்டு என்பது இங்கே சொல்லாமற் கொள்ளப்பட்ட எடுகோள். யாழ்ப்பாணத் தீவகத்தில் அந்த எடுகோள் பொருந்தாது. நெடுந்தீவிலிருந்து மனநல மருத்துவரைக் காண யாழ்ப்பாணம் புறப்படுபவர் மாவிலித்துறையில் படகேற வேண்டும். 1985இல் குமுதினிப் படகில் சென்றோர் கொல்லப்பட்ட அதே கடலைக் கடக்க வேண்டும். ஆகவே தீவக மக்களின் மனவடுவை விளங்கவும் ஆற்றவும் முனைவோர் தனியாளின் நோயறிகுறிகளோடு, அவர் நாளாந்தம் புழங்கும் இடங்களையும் அவ்விடங்களில் விடை காணாது நிற்கும் இழப்புகளையும் சேர்த்தே நோக்க வேண்டும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

2. நிகழ்வுகளும் இடங்களும்

1985 மே 15 அன்று நெடுந்தீவிலிருந்து புறப்பட்ட குமுதினிப் படகு கடலில் மறிக்கப்பட்டு, அதில் சென்ற பொதுமக்கள் வெட்டியும் குத்தியும் கொல்லப்பட்டனர். இறந்தோர் குறைந்தது 23 பேர் என்று சர்வதேச மன்னிப்புச் சபை பதிவுசெய்தது. ஊரவர் கூறும் தொகை அதனினும் கூடியது. கொன்றவர்கள் கடற்படையினரே என்பது தப்பியோரின் சாட்சியம். அதே குமுதினி பின்னரும் பல்லாண்டுகள் அதே வழியில் ஓடியது. பாடசாலைக்கும் சந்தைக்கும் வைத்தியசாலைக்கும் போகவேண்டியவர்கள் அதிலேயே ஏறினார்கள்.

1990 ஆகஸ்டில் இராணுவம் மண்டைதீவு, அல்லைப்பிட்டி, வேலணைப் பகுதிகளுக்குள் புகுந்தபோது பிடித்துச் செல்லப்பட்ட ஆண்கள் பலர் திரும்பவில்லை. மண்டைதீவில் கொல்லப்பட்டோரைக் கிணறுகளில் போட்டார்கள் என்று உறவினர் இன்றுவரை சொல்லிவருகின்றனர். 1991 ஒக்டோபரில் வேலணை, ஊர்காவற்றுறை, புங்குடுதீவு ஆகிய ஊர்களும் படையினர் வசமாக, பெரும்பாலானோர் குடாநாட்டுக்கு இடம்பெயர்ந்தனர். 2006 மே 13 இரவு அல்லைப்பிட்டி, வேலணைப் பகுதிகளில் 13 பொதுமக்கள் கொல்லப்பட்டனர். அதே ஆண்டு ஆகஸ்ட் 13 அன்று அல்லைப்பிட்டி புனித பிலிப்பு நேரியார் தேவாலயத்தில் தஞ்சம் புகுந்திருந்தோர் எறிகணைக்குப் பலியாயினர். பங்குத்தந்தை திருச்செல்வம் நிகால் ஜிம் பிரவுண் அடிகளார் ஆகஸ்ட் 20 அன்று காணாமற்போனார்.

படகு, கிணறு, வீடு, கோயில் ஆகிய நான்கையும் விட்டுவிட்டுத் தீவில் ஒருவர் வாழ இயலாது. கொடுமை இங்கே போர்க்களத்தில் நிகழவில்லை. மக்கள் புழங்கும் இடங்களிலேயே நிகழ்ந்தது.

3. அளவீடுகள் காட்டுவன

மனவடு நோய் 1980இல் அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் கைநூலில் இடம்பெற்றபோது, அதற்குப் பெரிதும் தூண்டுதலாயிருந்தது வியட்நாம் போரிலிருந்து வீடு திரும்பிய படையினரின் நிலை. அவர்களுக்குப் போர் வேறு நாட்டில் நடந்து முடிந்த ஒன்று. யாழ்ப்பாணத்தில் செய்யப்பட்ட ஆய்வுகள் வேறொரு படத்தைத் தருகின்றன. உளமருத்துவர்களான தயா சோமசுந்தரமும் சிவயோகனும் 1994இல் வெளியிட்ட ஆய்வில், பொதுமக்களிடையே தெரிந்தெடுக்கப்பட்ட 98 பேரில் போர் நெருக்கீட்டுக்கு உட்படாதவர் 6 சதவீதத்தினர் மட்டுமே. உளசமூகப் பாதிப்பு 64 சதவீதத்தினரிடம் காணப்பட்டது. மனவடு நோய் 27 சதவீதம். மனத்துயர் உடல் உபாதையாக வெளிப்படும் நிலையோ 41 சதவீதம். போர் முடிந்ததும் 2009இல் யாழ் மாவட்டத்தில் நடத்தப்பட்டு 2011இல் வெளிவந்த ஆய்வில் மனவடு நோய்க்கான அறிகுறிகள் 7.0 சதவீதத்தினரிடமும் மனச்சோர்வு 22.2 சதவீதத்தினரிடமும் பதகளிப்பு 32.6 சதவீதத்தினரிடமும் காணப்பட்டன. அப்போதும் இடம்பெயர்ந்திருந்தோரிடம் இவை முறையே 13.0, 41.8, 48.5 சதவீதமாக உயர்ந்திருந்தன.

இரண்டு ஆய்வுகளின் முறைகளும் வேறு என்பதால் எண்களை நேருக்கு நேர் ஒப்பிட்டு நோய் குறைந்துவிட்டது எனக் கொள்ளலாகாது. ஆயினும் இரண்டு முடிவுகள் உறுதியானவை. முதலாவது, மனவடு நோய் என்ற ஒரே பெயருக்குள் துயர் முழுவதும் அடங்கவில்லை. நெஞ்சு பதறுது, தலையிடி விடுதில்லை, நாரி நோகுது, நித்திரை வருகுதில்லை என்று சொல்லிக்கொண்டே மக்கள் வருகிறார்கள். அவர்களை முதலிற் சந்திப்பவர் ஊர் வைத்தியசாலையின் பொது மருத்துவரோ நூல் கட்டித் திருநீறு போடும் பூசகரோதான். இரண்டாவது, இடமிழந்து வாழ்வோரிடம் நோய் கூடுதலாகக் காணப்படுகிறது. அப்படியானால் இடத்தையும் அயலையும் மீட்பது சிகிச்சைக்குப் புறம்பான வேலையாகாது.

4. முடிவுறாத இழப்பு

யாழ்ப்பாணச் சைவ வழக்கில் மரணத்துக்கு ஒழுங்கு உண்டு. எட்டுச் செலவு, 31ஆம் நாள் அந்தியேட்டி, ஆண்டுத் திதி, தந்தைக்கு ஆடி அமாவாசை, தாய்க்குச் சித்திரா பௌர்ணமி என்று துயரை உறவும் அயலும் பகிர்ந்து சுமக்க நாட்கள் குறிக்கப்பட்டுள்ளன. காணாமலாக்கப்பட்டவருக்கு இவற்றுள் ஒன்றையும் செய்ய முடியாது. அந்தியேட்டி செய்தால் அவர் உயிரை உறவினரே முடித்துவைத்தது போலாகும். செய்யாவிட்டால் துக்கம் தொடங்கவே இல்லை. ஆய்வாளர் பவுலின் போஸ் தெளிவற்ற இழப்பு என வகுத்துக் காட்டிய நிலை இதுவே. இந்நிலையிலுள்ள ஒரு தாயிடம் ஏற்றுக்கொள்ளுங்கள் என்று உளவளத்துணையாளர் சொல்வது பயனற்றது மட்டுமன்று, அவளுக்கு இழைக்கும் இன்னொரு அநீதியுமாகும். 2016இன் சட்டத்தால் அமைந்து 2018இல் இயங்கத் தொடங்கிய காணாமற்போனோர் அலுவலகமும், ஆள் காணப்படவில்லை என உறுதிசெய்யும் சான்றிதழும் சொத்து, வங்கி, பிள்ளைகளின் பத்திரங்கள் போன்றவற்றில் உதவலாம். எங்கே, யாரால், என்ன நடந்தது என்ற வினாவுக்குச் சான்றிதழ் விடையாகாது. இந்த இழப்பைப் பொறுத்தவரை உண்மையைச் சொல்வதும் மருத்துவத்தின் ஒரு கூறே.

5. ஒரு மறுப்பும் அதற்கான விடையும்

போர்த்துயரை நோயாக்குவது மேலைநாட்டு வழக்கம்; நீதிக்கான கோரிக்கையை அது மாத்திரைக்கான கோரிக்கையாக மாற்றிவிடுகிறது என்று உளமருத்துவர் டெரெக் சமர்ஃபீல்ட் 1990களில் வலுவாக வாதிட்டார். அவ்வெச்சரிக்கை தேவையானது. ஆனால் அதை முழுமையாக ஏற்றால் இரவிரவாக நித்திரையின்றித் தவிப்பவரும், மறக்கவென்று குடித்துக் குடும்பத்தை அழிப்பவரும், சாக நினைப்பவரும் நீதி வரும்வரை காத்திருக்க நேரும். யாழ்ப்பாணத்து உளமருத்துவம் இவ்விரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கவில்லை என்பது அதன் சிறப்பு. சோமசுந்தரம் 2007இல் எழுதிய கட்டுரை குடும்பமும் ஊரும் உறவுநம்பிக்கையும் குலைந்ததைக் கூட்டு மனவடு என விளக்கியது. தனியாள் சிகிச்சையை அது கைவிடவுமில்லை. யாழ்ப்பாணத்துச் சாந்திகம் போன்ற நிறுவனங்கள் உளவளத்துணையாளர்களைத் தமிழிலேயே பயிற்றின.

6. தீவகத்துக்கு ஏற்ற ஆதரவு

மேற்கண்டவற்றிலிருந்து மூன்று கடமைகள் பிறக்கின்றன. முதலாவது, மனநலச் சேவை கடல்கடந்து தீவுக்கு வரவேண்டும். வந்தவர் மாதக்கணக்காக மாறாதிருக்க வேண்டும். கடைசிப் படகைப் பிடிக்க எழுந்து ஓடும் உத்தியோகத்தரிடம் எவரும் மனம் திறப்பதில்லை. இரண்டாவது, ஊரார் ஏற்கெனவே நம்பும் ஆசிரியர், குடும்பநல உத்தியோகத்தர், பங்குத்தந்தை, பூசகர், கிராம அலுவலர் ஆகியோருக்குக் கேட்கவும் இனங்காணவும் உரிய இடத்துக்கு அனுப்பவும் பயிற்சி வேண்டும். அறிவுரை சொல்லாமற் கேட்பதே அப்பயிற்சியின் முதற்பாடம். பெரும்பகுதியினர் கனடாவிலும் ஐரோப்பாவிலும் வாழ, முதியவர்கள் தனித்துவிடப்பட்ட புங்குடுதீவு போன்ற ஊர்களில் இது மிக அவசரம்.

மூன்றாவது, பொதுநினைவேந்தல் காக்கப்பட வேண்டும். ஆண்டுதோறும் மே 15இல் நெடுந்தீவு மாவிலித்துறையில் குமுதினியில் மாண்டோருக்கு விளக்கேற்றுகிறார்கள். கொலை செய்யப்பட்டவர்களின் பெயர் ஊரறியச் சொல்லப்படும்போது, துயர் தனக்குள்ளே உள்ள பலவீனம் என்ற எண்ணம் பாதிக்கப்பட்டவரிடமிருந்து அகல வழி பிறக்கிறது. அங்கே படமெடுத்தும் பெயர் குறித்தும் கண்காணிக்கும் அதிகாரி, தான் அறியாமலே ஒரு சிகிச்சையைக் குலைக்கிறார்.

தீவக மக்கள் படகேறுவதை நிறுத்தவில்லை. அதை மனவுறுதி என்று புகழ்ந்துவிட்டுக் கடமையிலிருந்து கழன்றுகொள்வது எளிது. தவிர்க்க இயலாத இடத்தில் வாழ்பவருக்கு அந்த இடத்தைப் பயமற்றதாக்கிக் கொடுப்பது அரசினதும் மருத்துவத்தினதும் சமூகத்தினதும் பொறுப்பு. கடலைக் கடக்கும் சுமையை நோயாளியின் தலையில் மட்டும் ஏற்றுவது சிகிச்சையாகாது.