எந்த வருசத்துக் காரைத் திருத்துறம்?

பழைய கார் ஒன்றைத் திருத்த வெளிக்கிட்டால் முதலில் ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல வேணும். அதை எந்த வருசத்துக் காராகத் திருத்தப் போறம்? ‘இதென்ன கேள்வி, தொழிற்சாலையால வந்த மாதிரித்தான்’ என்று பலர் உடனே சொல்வார்கள். யாழ்ப்பாணத்துக் காருக்கு அந்தப் பதில் போதாது. 1953இல் கப்பலில் வந்திறங்கிய ஒரு கார் 1957ஐயும் 1977ஐயும் 1990ஐயும் 1995ஐயும் கடந்துதான் இங்கே வந்து நிக்குது. ஒவ்வொரு காலமும் அதன் உடம்பில் ஏதோ ஒன்றை விட்டுப் போயிருக்கு. அதில் எதை வைத்திருக்கிறோம், எதைச் சுரண்டி எறிகிறோம் என்பது மெக்கானிக் வேலை மட்டுமில்லை, வரலாற்று வேலையும்தான்.

எங்கள் நண்பர் ஒருவரின் பெரியப்பாவிடம் ஒஸ்ரின் ஏ40 சோமர்செற் கார் ஒன்று இருக்கு. அவர் வாலிப வயதில் கார் ஓடப் பழகினது அதில்தான். 1996க்குப் பிறகு வீட்டுப் பின்வளவில் கொட்டிலுக்குள்ளேயே நின்றது. இப்ப வெளியே எடுத்துத் திருத்துகிறார்கள். பெரியப்பாவுக்கு அது தன்ர இளமைக்காலத்துக் காராகவே திரும்பி வர வேணும். காசு அனுப்புகிற மகனுக்கோ அது யப்பான் எஞ்சின் ஏற்றி, ஏசி போட்டு, கொழும்புக்கு ஒரே ஓட்டத்தில் போய்வரக்கூடிய காராக வேணும். இரண்டு பேரும் ஒரே காரைப் பற்றித்தான் கதைக்கினம், ஆனால் இரண்டு வேறு கார்களை நினைச்சுக்கொண்டு கதைக்கினம். ரெண்டு பேருமே நினைக்காத மூன்றாவது கார் ஒன்றும் அதற்குள் இருக்கு. அதைப் பற்றித்தான் நாங்கள் எழுத விரும்புகிறோம்.

இந்தக் கார்கள் இங்கே வந்த கதையிலிருந்து தொடங்குவோம். இரண்டாம் உலகப்போர் முடிந்தபோது பிரித்தானியா கடனில் மூழ்கியிருந்தது. வெளிநாட்டுப் பணம் உழைக்க வேணும் என்பதற்காகத் தன் கார்களில் பெரும்பகுதியை ஏற்றுமதிக்கென்றே அது ஒதுக்கியது. பேர்மிங்காமுக்குப் பக்கத்தில் லோங்பிறிட்ஜ் தொழிற்சாலையில் 1947இல் ஏ40 டெவன் வந்தது. 1952இலிருந்து 1954 வரை அதன் தம்பி சோமர்செற் வந்தது. 1200 சிசி எஞ்சின், உருண்ட உடம்பு, ஸ்ரியரிங் தண்டோடு சேர்ந்த கியர். 1948இல் தொடங்கிய மொறிஸ் மைனரும், 1950களின் நடுவில் வந்த ஒஸ்ரின் கேம்பிரிட்ஜும் இதே வழியில்தான் இலங்கைக்கு வந்தன. பிரித்தானியாவின் பணத் தட்டுப்பாடு எங்கட ஒழுங்கைகளுக்குக் கார் கொண்டுவந்தது.

அந்தக் கார்களில் எல்லாரும் ஏறவில்லை என்பதையும் சொல்லத்தான் வேணும். 1950களில் கார் வைத்திருந்தவர்கள் டொக்டர்மார், அப்புக்காத்துமார், பெரிய வியாபாரிகள், மலாயாவில் வேலை செய்து பென்சனோடு திரும்பியவர்கள் போன்றோர்தான். ஊரில் கார் நிற்கும் வீடு எது என்று கேட்டால், அந்த ஊரின் காணியும் சாதியும் படிப்பும் யார் கையில் இருந்தது என்பதற்குப் பாதிப் பதில் கிடைத்துவிடும். ‘அந்தக் காலம் எவ்வளவு வடிவு’ என்று பழைய கார் படத்துக்குக் கீழே எழுதும்போது இதையும் நினைக்க வேணும். அந்த வடிவு எல்லாருக்கும் பங்கிடப்பட்டதில்லை.

அடுத்தது இலக்கத்தகடு. 1957க்கு முன்னர் பதிவான கார்களில் சிலோன் என்ற பெயரின் ஆங்கில எழுத்துகளில் இரண்டு இருக்கும். 1957இன் தொடக்கத்தில் புதிதாகப் பதிவாகும் வாகனங்களுக்குச் சிங்கள ‘ஸ்ரீ’ எழுத்துக் கட்டாயமானது. தனிச்சிங்களச் சட்டம் வந்து ஒரு வருசம்கூட ஆகவில்லை. தமிழரசுக் கட்சி சிறீ எதிர்ப்புப் போராட்டத்தைத் தொடங்கியது. சிங்கள எழுத்தைத் தார் பூசி அழித்தார்கள், அந்த இடத்தில் தமிழ் ‘சிறீ’யை எழுதினார்கள். 1958இல் புதிதாக அரசுடைமையான பஸ்கள் சிங்கள சிறீயோடு வடக்குக்கு அனுப்பப்பட்டபோது போராட்டம் மறுபடியும் மூண்டது. தெற்கில் தமிழ் எழுத்துகளுக்குத் தார் பூசப்பட்டது. அந்த ஏப்ரலில் பண்டா–செல்வா ஒப்பந்தம் கைவிடப்பட்டது. மே மாதம் தமிழர்களுக்கு எதிரான வன்முறை வெடித்தது. ஆக, ஒரு காரின் முன்னால் ஆங்கில எழுத்து இருக்கிறதா, ‘ஸ்ரீ’ இருக்கிறதா என்பது அது பதிவான திகதியை மட்டும் சொல்வதில்லை. தகடு மங்கிப்போச்சு என்று சொல்லிப் புதுத்தகடு அடிக்க முதல் அதை ஒருக்கால் வடிவாகப் பாருங்கோ.

1960களில் எங்கட நாட்டிலும் வெளிநாட்டுப் பணத் தட்டுப்பாடு வந்தது. கார் இறக்குமதி சுருங்கி, 1970களில் கிட்டத்தட்ட நின்றேபோனது. புதுக்கார் வராது என்றால் பழைய காரைச் சாக விட ஏலாது. இருந்த ஏ40களும் மைனர்களும் கராஜ் கராஜாக உயிர் பெற்றன. பாகம் கிடைக்காத இடத்தில் கடைசல் பட்டறையில் செய்து போட்டார்கள். ஒரு காரின் பாகம் இன்னொரு காருக்குப் போனது. 1977க்குப் பிறகு பொருளாதாரம் திறக்கப்பட்டு யப்பான் கார்கள் வந்தபோது, பழசுகள் வாடகைக் கார்களாகத் தரிப்பிடங்களுக்குப் போயின. கலியாணவீடு, கோயில், ஆஸ்பத்திரி, செத்தவீடு எல்லாத்துக்கும் அவைதான். முந்தி ஒரு வீட்டுக்குரியதாக இருந்த கார் இப்ப ஊருக்குரியதாக மாறத் தொடங்கியது.

1990 ஜூனில் யுத்தம் மறுபடி தொடங்கியதும் வடக்கு மீது பொருளாதாரத் தடை இறுகியது. பெற்றோல், பட்டரி, வாகன உதிரிப்பாகம் எல்லாம் தடைப்பட்ட பொருட்கள். மின்சாரமும் இல்லை. புதுக்கார்கள் நின்றன. பழசுகள் ஓடின, மண்ணெண்ணெயில்.

இது ஏதோ மாயவித்தை இல்லை. ஏ40 எஞ்சின் காற்றும் எரிபொருளும் சேர்ந்த கலவையை ஏறத்தாழ ஏழில் ஒரு பங்காகத்தான் அமத்தும். இன்றைய கார்களில் அது பத்தில் ஒரு பங்கு அளவுக்குப் போகும். அமத்தம் கூடக்கூட மண்ணெண்ணெய் நேரங்கெட்ட நேரத்தில் வெடித்து எஞ்சினைத் தட்டத் தொடங்கிவிடும். அமத்தம் குறைந்த பழைய எஞ்சின், ரைமிங்கைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளிவிட்டால், அதைத் தாங்கிக்கொள்ளும். ஆனால் குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது. அதனால் துளிப் பெற்றோலில் ஸ்ராட் பண்ணி, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேணும். அந்தத் துளிப் பெற்றோலுக்கு ஒரு சின்னப் போத்தல், அதிலிருந்து காபரேற்றருக்கு ஒரு சேலைன் குழாய். ஆஸ்பத்திரியில் உயிர் காத்த குழாய் எஞ்சினுக்கும் உயிர் குடுத்தது.

அதற்கு விலையும் இருந்தது. எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர் சுவரில் இருந்த எண்ணெயைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கி, எஞ்சின் ஒயிலைத் தண்ணியாக்கும். பிளக்கில் கரி பிடிக்கும். இழுவை குறையும். பின்னால் போகிறவர்களுக்குப் புகையும் கண்ணெரிவும். மெக்கானிக்குகள் பிளக்கைக் கழற்றிச் சுத்தம் செய்து திருப்பித் திருப்பிப் போட்டார்கள். இதே 1990களில் தெற்கில் மொறிஸ் மைனருக்கான தகட்டுப் பாகங்களைச் செய்து இங்கிலாந்துக்கு ஏற்றுமதி செய்த தொழிற்சாலை ஒன்று இயங்கியது. ஒரே தீவில் ஒரு பக்கம் மைனர் பாகம் கப்பலேறியது, மறுபக்கம் மைனருக்கு ஒரு புதுப் பிளக் கிடைக்காமல் இருந்தது. பொருளாதாரத் தடை என்றால் என்ன என்று விளங்கிக்கொள்ள இந்த ஒரு உதாரணம் போதும்.

1995 ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமமே இடம்பெயர்ந்தது. இலட்சக்கணக்கான சனம் மழைக்குள்ளால் தென்மராட்சிக்கு நடந்தது. கார் வைத்திருந்தவர்களும் அந்த நெரிசலுக்குள் நடைவேகத்தில்தான் ஊர்ந்தார்கள். சில கார்கள் வழியில் கைவிடப்பட்டன, சில வீட்டிலேயே விடப்பட்டுத் திரும்பி வரும்போது காணாமல் போயிருந்தன. 1996இல் சனம் திரும்பியபோது தப்பிய கார்களில் பலவற்றை ஓட்ட ஆளில்லை. பிள்ளைகள் வெளிநாட்டில், உதிரிப்பாகம் இல்லை, பயம் வேறை. கொட்டிலுக்குள் நீண்டகாலம் நிற்கிற கார்களின் கதை பெரும்பாலும் இங்கேதான் தொடங்குது. ‘பாவிக்காமல் கிடந்தது’ என்று நாங்கள் சாதாரணமாகச் சொல்கிறோம். ஏன் பாவிக்காமல் கிடந்தது என்று கேட்டால் ஒரு குடும்பத்தின் முழுக்கதையும் வந்துவிடும்.

2002இல் ஏ9 பாதை திறந்தபோதும், 2009க்குப் பிறகும், பழைய கார் வாங்கத் தெற்கிலிருந்து ஆக்கள் வந்தார்கள். லீசிங்கில் புது வாகனம் எடுக்கக் காசு தேவைப்பட்டவர்கள் விற்றார்கள். அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் போன கார்களோடு அவற்றின் கதையும் போனது. வாங்கியவர் முதலில் கழற்றி எறிந்திருக்கக்கூடியது அந்தச் சேலைன் குழாயைத்தான்.

எங்கட மூன்றாவது கார் இதுதான்: 1953இன் காரும் இல்லை, இனி ஓடப்போகிற காரும் இல்லை, 1990இலிருந்து 1995 வரை ஓடிய கார். தொழிற்சாலை இதைச் செய்யவில்லை. இங்கே இருந்த மெக்கானிக்குகள் செய்தார்கள். அவர்களின் பெயர் எந்தப் புத்தகத்திலும் இல்லை. அவர்கள் எழுதி வைத்தது முழுக்க எஞ்சினிலும் காபரேற்றரிலும் ஒட்டுப்போட்ட தகட்டிலும்தான் இருக்கு. ‘ஒரிஜினலாக்குறம்’ என்று அதை அழித்தால் இருந்த ஒரே பிரதியை அழிக்கிறோம்.

பழைய வாகனங்களுக்கான சர்வதேசக் கூட்டமைப்பின் தூரின் சாசனமும் கிட்டத்தட்ட இதைத்தான் சொல்லுது. ஒரு வாகனம் பாவனையில் இருந்த காலத்தில் அதில் நடந்த மாற்றங்களும் அதன் வரலாற்றுக்குரியவை, அதைச் செய்த நாளின் தோற்றத்துக்கே திருப்பிக் கொண்டுபோவது கட்டாயமில்லை என்பது அதன் நிலைப்பாடு.

அப்ப ஒன்றையும் மாற்றக்கூடாதா? அப்பிடியில்லை. ஓடாத கார் மெல்ல மெல்ல உக்கிப்போகும். இன்றைய வீதியில் லொறிக்கும் பஸ்ஸுக்கும் நடுவில் ஓடவேணும் என்றால் பிறேக் நல்லதாக இருக்க வேணும். இறப்பர் இறுகிப்போன பிறேக் சிலிண்டர்களையும் குழாய்களையும் மாற்றத்தான் வேணும், அதில் ஏக்கத்துக்கு இடமில்லை. ஈயம் கலந்த பெற்றோல் இலங்கையில் 2002இல் நின்றுபோனது. அந்தக் கால வால்வு இருக்கைகள் ஈயத்தை நம்பி இருந்தவை. நெடுந்தூரம் ஓடுவதென்றால் கடினமான இருக்கைகள் பதிப்பது நல்லது. துணி சுத்திய பழைய வயரிங் உக்கியிருந்தால் நெருப்புப் பிடிக்கும், அதையும் மாற்றலாம். டைனமோவுக்குப் பதில் ஓல்ரனேற்றர் போடுவதென்றால் ஒன்று கவனம்: இந்தக் கார்களில் பட்டரியின் நேர்முனைதான் உடம்போடு சேர்ந்திருக்கும். அதைத் தெரியாமல் இணைத்தால் புதுச்சாமான் எரிந்துபோகும்.

எஞ்சினையே தூக்கிவிட்டு யப்பான் எஞ்சின் ஏற்றுவது வேறு விசயம். தரிப்பிடத்தில் நின்ற கேம்பிரிட்ஜுகளுக்குப் பிழைப்புக்காக டீசல் எஞ்சின் ஏற்றினார்கள், அதுவும் வரலாறுதான். ஆனால் பிழைப்புக்காக இல்லாமல் வசதிக்காக ஏற்றுகிறவர்கள், அடிச்சட்டத்தை வெட்டாமல், நாளைக்கு ஒருவர் பழையதைத் திருப்பிப் பூட்டக்கூடிய விதத்தில் செய்யலாம். கழற்றிய எஞ்சினைப் பழைய இரும்புக்குப் போடாமல் வைத்திருக்கலாம்.

2022இல் நாடு முழுக்கப் பெற்றோலுக்கு வரிசையில் நின்றபோது, வடக்கில் வயதானவர்கள் பலருக்கு மண்ணெண்ணெய்க் காலம் ஞாபகம் வந்தது. அந்தக் கதைகளை அப்போது சிரித்துக்கொண்டு கேட்டுவிட்டுப் போனோம். இப்ப எழுதி வைக்க வேண்டியிருக்கு, ஏனென்றால் அந்த மெக்கானிக்குகள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கினம்.

உங்கட வீட்டுக் கொட்டிலிலோ பக்கத்து வளவிலோ ஒரு பழைய கார் நின்றால், ஸ்பானரை எடுக்க முதல் போனை எடுங்கோ. இலக்கத்தகட்டை, காபரேற்றரை, ஒட்டுப்போட்ட இடங்களை, சீற்றுக்குக் கீழே கிடக்கிற பொருட்களைப் படம் எடுங்கோ. கடைசியாக அதைத் திருத்தினது யார் என்று கேளுங்கோ. அவர் இருந்தால் கூட்டிக்கொண்டு வந்து காருக்குப் பக்கத்தில் ஒரு கதிரை போட்டுக் குடுங்கோ, ஒரு தேத்தண்ணியும் குடுங்கோ. எந்தக் குழாய் எங்கே போனது, ஏன் போனது என்று சொல்ல விடுங்கோ. கழற்றுவதை ஒரு பெட்டியில் போட்டு, திகதி எழுதி, காரோடேயே வையுங்கோ. அதற்குப் பிறகு பெயின்ற் என்ன நிறம் எண்டு ஆறுதலாகச் சண்டை பிடிக்கலாம்.