ஆங்கில இலக்கணமும் தாரதம்மியப் பிழைகளும்

ஒன்றை மற்றொன்றினும் உயர்ந்தது என்று கூறுவதற்குப் பூர்வகால ஆங்கிலேயர் சொல்லின் இறுதியில் 'எர்', 'எஸ்ட்' என்னும் விகுதிகளைச் சேர்ப்பதே வழக்கமாயிருக்க, பிற்காலத்தில் 'மோர்', 'மோஸ்ட்' என்னும் தனிச்சொற்களை முன்னே வைக்கும் முறையும் பரவி, இரண்டும் ஒருங்கே வழங்கலாயினமையால், பதினாறாம் நூற்றாண்டினர் அவ்விரண்டையும் ஒரே சொல்லின்மேல் ஏற்றிப் பேசுவதைப் பிழையென்று கருதவில்லை. ஷேக்ஸ்பியரின் ஜூலியஸ் சீசர் நாடகத்தில், புரூட்டஸின் கத்திக்குத்தைப் பற்றிப் பேசும் அந்தோனி இத்தகைய இரட்டை உச்சநிலையையே ஆள்கிறான். அவன் துயரத்தின் வேகத்தை ஒற்றை விகுதி தாங்கியிராது என்பது என் கருத்து.

அக்காலத்துப் புலவர் பென் ஜான்சன் எழுதிவைத்திருந்த இலக்கணம் 1623-ஆம் ஆண்டில் அவர் நூல்நிலையத்தில் பற்றிய தீக்கு இரையாயிற்று. அவர் மீண்டும் எழுதி, மரணத்துக்குப் பின் 1640-இல் அச்சேறிய நூலிலோ, இந்த இரட்டைப் பிரயோகம் கிரேக்கரைப் பின்பற்றிய சொல்நயமென்று பாராட்டப் பெற்றிருக்கிறது. ஆனால் 1672-இல் கவிஞர் டிரைடன், முந்திய தலைமுறையின் பாஷையை ஆராயப் புகுந்து, ஜான்சனின் நாடகத்திலிருந்தே இவ்வழக்குக்கு உதாரணம் எடுத்துக்காட்டி, இது நாகரிகமற்றதென்றும், அக்காலத்தில் சாதாரணமாயிருந்ததால் மன்னிக்கத்தக்கதென்றும் தீர்ப்புக் கூறினார். ஒருவர் அலங்காரமென்று போற்றியது, ஒரு நூற்றாண்டு முழுமையாகக் கழியுமுன்னே குற்றமாகிவிட்டது.

அக்குற்றத்துக்குச் சட்டம் வகுத்த பெருமை ராபர்ட் லௌத் என்பவரைச் சாரும். ஆக்ஸ்போர்டில் எபிரேயக் கவிதையைப் பற்றி விரிவுரைகள் நிகழ்த்தியவரும், பின்னாளில் லண்டனில் பிஷப்பாக விளங்கியவருமான அவர், 1762-இல் வெளியிட்ட சிறு இலக்கணத்தின் அடிக்குறிப்புகளில் ஷேக்ஸ்பியர், மில்டன், ஸ்விஃப்ட், அடிஸன் முதலிய மகாகவிகளையும் உரைநடையாளரையும் நிறுத்தி அவர்களுடைய பிழைகளை எடுத்துக்காட்டினார். ஆயினும் பைபிளின் சங்கீதப் புத்தகத்தில் கடவுளைக் குறித்து வரும் இரட்டை உச்சநிலையை மட்டும் அவர் கண்டிக்கவில்லை. சர்வேசுவரன் உயர்ந்தவை அனைத்தினும் உயர்ந்தவனாதலால் அங்கே அது பொருந்துவதேயாம் என்று விதிவிலக்கு அளித்தார். விதி செய்தவரே பொருளுக்கு இடங்கொடுத்த இந்த இடத்தை அவரைப் பின்பற்றியவர்கள் சற்று ஊன்றிப் படித்திருக்கலாகாதா?

பிழையான வாக்கியங்களைக் கொடுத்துத் திருத்தச் சொல்லும் பயிற்சியை நியூகாஸில் நகரத்து ஆசிரியை ஆன் ஃபிஷர் முன்னரே தம் நூலில் அமைத்திருந்தார். அதனைப் பள்ளிதோறும் பரவச் செய்தவர், பென்ஸில்வேனியாவில் பிறந்து, நியூயார்க்கில் வக்கீலாயிருந்து, பின் யார்க் நகருக்கருகே குடியேறிய லிண்ட்லி முர்ரே ஆவார். 1795-இல் வெளிவந்த அவருடைய இலக்கணம் இலட்சக்கணக்கில் விற்பனையாயிற்று. பூரணம் என்பது போல் தம்முள்ளேயே உச்சத்தைக் கொண்ட பண்புகளுக்குத் தாரதம்மியம் கூறலாகாது என்பதும் அவருடைய விதி. அந்நூலுக்கு எட்டாண்டுகளுக்கு முன், அவர் பிறந்த நாட்டின் அரசியல் சட்டமோ தன் முகவுரையிலேயே 'மேலும் பூரணமான' ஐக்கியத்தை நாடியிருந்தது. முந்திய ஐக்கியம் குறையுடையதென்ற கருத்து அதில் ஐயமின்றி விளங்குவதால், அதனைப் பிழையென்பது எனக்கு உடன்பாடன்று.

உண்மையான குற்றம் சொற்களின் மிகையில் இல்லை; ஒப்பிடப்படும் பொருள்களின் தொகுதியைச் சரிவர வரையறுக்காமையில் இருக்கிறது. லண்டன் இங்கிலாந்தின் எந்த நகரத்தினும் பெரியது என்றால், லண்டனும் இங்கிலாந்தின் நகரமேயாதலால் அது தன்னினும் பெரியதென்று முடியும். 'வேறு' என்னும் ஒரு சொல்லே அதனைக் காக்கிறது. இதற்கு மறுதலையான வழு 1667-இல் வெளிவந்த மில்டனின் சுவர்க்க நீக்கக் காவியத்தில் உண்டு. அங்கே ஆதாம் தனக்குப் பின் பிறந்த புத்திரர்களுள் மிக அழகன் என்றும், ஏவாள் தன் புத்திரிகளுள் பேரழகி என்றும் வர்ணிக்கப்படுகிறார்கள். கிரேக்கத்தில் தோய்ந்த அக்கவிக்கு அது அம்மொழியின் மரபு. ஆங்கிலம் ஒன்றே அறிந்த வாசகனோ, ஆதாமை அவன் மக்களுள் ஒருவனாகவே எண்ண வேண்டியவனாகிறான். இங்கே 'வேறு' என்ற சொல்லும் உதவாது. உச்சநிலையைக் கைவிட்டு, மக்கள் அனைவரினும் அழகன் என்று மாற்றியே பொருளைக் காக்க வேண்டும்.