குழப்படி என்றொரு சொல்

குழப்படி என்னும் சொல்லைக் கேளாமல் எமது கல்லூரியைக் கடந்துவந்தவர் எவரும் இருக்கமுடியாது. தமிழகத்தார் குறும்பு என்பதை நாம் குழப்படி என்றோம். ‘குழப்பு’ என்னும் வினையோடு தொடர்புடைய இச்சொல் ஒழுங்கைக் கலைப்பதைக் குறித்தது. ஆளைக் காயப்படுத்துவதை அன்று. இடைவேளைக்கு முன்னரே சாப்பாட்டுப் பெட்டியைத் திறப்பது, ஆசிரியை கரும்பலகைப் பக்கம் திரும்பியதும் துண்டுக் கடதாசி அனுப்புவது, விடுதியில் விளக்கணைத்தபின் கதைப்பது எல்லாம் குழப்படியே. “சரியான குழப்படி” என்று ஆசிரியை முறையிட்டபோதும் குரலில் ஒரு சிரிப்பு ஒளிந்திருக்கும். குழம்பிய நீர் தெளிந்துவிடும் என்ற நம்பிக்கை அது.

இதற்கு அயலில் வேறு இரு சொற்கள் இருந்தன. தமிழகத்தில் செல்லமாக வழங்கும் சேட்டை, எம்மிடையே சீண்டலைக் குறித்தது. “என்னோடை சேட்டை விடாதை” என்றால் அது எச்சரிக்கை. மற்றது பகிடி. சொல்பவரும் கேட்பவரும் சேர்ந்து சிரிக்கும்வரையே அது பகிடி.

இந்தப் பகிடியோடு வதை சேர்ந்து, பல்கலைக்கழகப் புதுமுக மாணவர் படும் துன்பத்துக்குப் பெயராயிற்று. 1997இல் பேராதனைப் பல்கலைக்கழகப் பொறியியல் மாணவர் ஒருவர் பகிடிவதையின் பின் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார். அப்பியாசங்களை அளவுமீறிச் செய்வித்தால் தசைகள் சிதைந்து, அவற்றிலிருந்து வெளியேறும் புரதம் சிறுநீரகங்களைத் தாக்கும் என்பது மருத்துவம் கற்ற எமக்குத் தெரியும். அடுத்த ஆண்டே, 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் பகிடிவதையைக் குற்றமாக்கியது. தண்டனை 2 ஆண்டுவரை சிறை. பாலியல் தொந்தரவோ கடுங்காயமோ விளைவித்தால் 10 ஆண்டுவரை. ஆயினும் வழக்கம் ஒழியவில்லை. “சும்மா பகிடிக்குத்தான்” என்ற சொல்லின் நிழலில் அது இன்னும் ஒதுங்கிக்கொள்கிறது.

வேறுபாட்டை அறிவது கடினமன்று. குழப்படியில், செய்தவளே வகுப்புக்கு வெளியே நிற்பாள். பகிடிவதையில், எதுவும் செய்யாத ஒருவர் முழந்தாளில் நிற்கிறார்.

புலம்பெயர்ந்த எமது வீடுகள் பலவற்றில் இன்று ‘நோட்டி’ என்ற சொல் குழப்படியின் இடத்தைப் பிடித்துவருகிறது. பிள்ளைகளுக்கு எமது பழைய சொல்லையும், எமது குழப்படிக் கதைகளையும் சொல்லிக்கொடுப்போம். கூடவே அச்சொல்லின் எல்லையையும் சொல்லிக்கொடுப்போம். பல்கலைக்கழகம் புகும் எமது தங்கைமார், மூத்தவர்களானபின் புதிதாக வரும் பிள்ளைக்கு ஒரு கதிரையை இழுத்துப்போட்டு, “இருங்கோ” என்று சொல்வார்களாயின், இக்கல்லூரி கற்பித்தது வீண்போகவில்லை என்போம்.