ஐயாபெட்டஸ்

சனிக் கோளின் துணைக்கோள்களுள் ஒன்று. விட்டம் ஏறத்தாழ 1,470 கி.மீ. பாரிஸ் வானாய்வகத்தில் இருந்த ஜொவான்னி தொமேனிக்கோ காசினி 1671-இல் இதைக் கண்டுபிடித்தார். சனிக்கு மேற்கே தெளிவாகத் தெரிந்த இப்புள்ளி, கிழக்கே வரும்போதெல்லாம் தொலைநோக்கியிலிருந்து மறைந்துபோனது. இதிலிருந்து, ஐயாபெட்டஸின் ஒரு பாதி இருண்டது; நிலவைப் போல அது எப்போதும் ஒரே முகத்தையே சனிக்குக் காட்டுகிறது என்று காசினி முடிவு செய்தார். வெறும் ஒளிப்புள்ளியை மட்டும் பார்த்து எட்டிய இந்த முடிவு தொலைநோக்கி வானியலின் அரிய சாதனைகளுள் ஒன்று. மேலும் திறன்மிக்க தொலைநோக்கியால் 1705-இல் கிழக்குப் பக்கத்திலும் அதை மங்கலாகக் கண்டார்.

அவர் பெயரையே தாங்கிய காசினி விண்கலம் 2004-இல் சனியை அடைந்தது. 2007 செப்டம்பரில் ஐயாபெட்டஸை மிக அருகில் கடந்தது. முன்பக்கம் கரிபோல் கறுத்தும், பின்பக்கம் பனியாய் வெளுத்தும் இருப்பதைப் படங்கள் துல்லியமாகக் காட்டின. ஃபீபி என்ற தொலைதூரத் துணைக்கோளிலிருந்து வரும் தூசு முன்பக்கத்தில் படிகிறது; கறுத்த தரை வெயிலில் கூடுதலாகச் சூடேற, அங்குள்ள பனி ஆவியாகி, குளிர்ந்த பகுதிகளில் போய் உறைகிறது என்பதே இன்றைய விளக்கம். நடுக்கோட்டை ஒட்டிச் செல்லும் மலைத்தொடர் எப்படி உருவானது என்பதில் மட்டும் இன்னும் கருத்தொற்றுமை இல்லை. இருண்ட பகுதிக்குக் காசினியின் பெயரே சூட்டப்பட்டுள்ளது.