கந்தீசங்கள்: காலண்டரில் இருந்து அடிக்கப்பட்ட இரண்டு பெயர்கள்

சத்துவாச்சாரியில் எங்கள் பக்கத்து வீட்டு அக்கா ஒரு நாள் கூப்பிட்டு, "தம்பி, நீ தான் பழைய எழுத்தெல்லாம் படிக்கிறியே, இது இன்னா பாஷைன்னு சொல்லு" என்றார். சுவரில் சதாசகாய மாதா படம். மாதாவின் தலைக்கு இரண்டு பக்கமும் மேலே சில எழுத்துகள். கிரேக்கம். 'கடவுளின் தாய்' என்பதன் சுருக்கம் அது. "நம்ம மாதாவுக்கு எதுக்கு கிரீக்ல பேரு?" என்று கேட்டார். அவர் வீட்டுக்காரர் ராணிப்பேட்டையில் ஷூ கம்பெனியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் கவனித்தது வேறு. "கொழந்தை கால்ல செருப்பு ஒண்ணு வார் கழண்டு தொங்குது பாத்தியா?" தோல் ஊர்க்காரர் கண்ணுக்குச் செருப்பு தானே முதலில் படும்.

அந்தப் படம் கிரீட் தீவில் இருந்து வந்தது என்பது மரபுவழிச் செய்தி. 1499-இல் ரோமுக்கு வந்து சேர்ந்தது. வரைந்த முறை முழுக்கக் கிரேக்க ஆர்த்தடாக்ஸ் முறை. அப்போது கிரீட் வெனிஸ்காரர்கள் ஆட்சியில் இருந்ததால் இரண்டு சபையாரும் அங்கே கலந்து வாழ்ந்தார்கள். 1866-இல் இரட்சகர் சபைத் துறவிகள் கையில் அந்தப் படம் வந்தபிறகு உலகம் முழுக்கப் பரவி, வேலூர் வரைக்கும் வந்துவிட்டது.

அக்காவின் கேள்வியைக் கொஞ்சம் பெரிதாக்கினால் இப்படிக் கேட்கலாம்: ரோமுடன் சேராத சபை ஒன்றில் வாழ்ந்து, அங்கேயே செத்து, அங்கேயே புனிதர் என்று பெயர் வாங்கிய ஒருவரைக் கத்தோலிக்கர் வணங்கலாமா? இந்தக் கேள்விக்காக நம் ஊர்ப் பக்கத்திலேயே பெரிய சண்டை நடந்திருக்கிறது.

முதலில் சுலபமான பகுதியை முடித்துவிடுவோம். பிரிவுக்கு முன்னால் வாழ்ந்தவர்கள் விஷயத்தில் சிக்கலே இல்லை. நம் கிராமங்களில் கும்பிடுகிற வனத்து அந்தோணியார் எகிப்து நாட்டுத் துறவி, 356-இல் இறந்தவர். காப்டிக் சபைக்கும் அவர் தான் துறவிகளின் தந்தை. திருநாள் ஜனவரி 17, மாட்டுப் பொங்கலை ஒட்டி. எகிப்தியர் என்று யாரும் அவரை ஒதுக்கவில்லை. எகிப்து, ஆர்மீனியா, சிரியா சபைகள் 451 கல்செதோன் சங்கத்துக்குப் பின் தனியாகப் போயின. பாரசீகத்தில் இருந்த கீழைத் திருச்சபை அதற்குச் சற்று முன்பே நெஸ்தோரியுஸ் விவகாரத்தில் விலகியது. கிரேக்கர்களும் ரோமும் பிரிந்ததற்கு 1054 என்ற வருடத்தைச் சொல்வார்கள். சிக்கல் எல்லாம் இந்த வருடங்களுக்குப் பிறகு வந்தவர்களைப் பற்றித்தான்.

இனி கொல்லம். 849-ஆம் ஆண்டு, சேர மன்னன் தாணு ரவியின் ஐந்தாம் ஆட்சியாண்டில், வேணாட்டு அய்யனடிகள் திருவடிகள் கொல்லத்துத் தரிசாப்பள்ளிக்கு நிலமும் உரிமைகளும் கொடுத்துச் செப்பேடு வெட்டித் தந்தார். எழுத்து வட்டெழுத்து, இடையிடையே கிரந்தம். மொழி, இன்று தமிழ் படிக்கத் தெரிந்தவர் தட்டுத் தடுமாறிப் புரிந்துகொள்ளக்கூடியது. கடைசி ஏட்டில் சாட்சிக் கையெழுத்துகள் அரபி, பஹ்லவி, எபிரேய எழுத்துகளில் இருக்கின்றன. ஒரு பத்திரத்துக்கு இத்தனை மொழியில் சாட்சி போட்ட ஊர் எப்படிப்பட்ட ஊராக இருந்திருக்கும்! அந்தச் செப்பேட்டில் வருகிற ஒரு பெயர் மருவான் சபீர் ஈசோ.

கேரளக் கிறிஸ்தவர் மரபில் மார் சபோர், மார் புரோத் என்று இரண்டு பேர் பாரசீகத்தில் இருந்து வந்து கொல்லத்தில் பள்ளி கட்டினார்கள் என்ற நினைவு உண்டு. சபீர் ஈசோ தான் சபோர் என்று சொல்பவர்கள் பலர். இருவரையும் சேர்த்து மக்கள் 'கந்தீசங்கள்' என்றார்கள். 'கந்தீசா' என்றால் சிரியாக் மொழியில் புனிதர். யாரும் ரோமுக்கு மனுப்போட்டு வாங்கிய பட்டம் இல்லை இது. மக்கள் கொடுத்தது. அவர்கள் பெயரில் பல ஊர்களில் பள்ளிகள் எழுந்தன.

1599 ஜூன் மாதம். கோவா பேராயர் அலெய்ஷோ மெனெசிஸ் கொச்சிக்குப் பக்கத்தில் உதயம்பேரூரில் ஒரு சினட் கூட்டினார். மார்த்தோமா கிறிஸ்தவர்களைப் பாரசீக ஆயர்களிடம் இருந்து பிரித்து ரோமின் கீழ் கொண்டுவருவது நோக்கம். சிரியாக் ஏடுகளைக் கொண்டுவந்து ஒப்படைக்கச் சொன்னார்கள். திருத்தவேண்டியதைத் திருத்தினார்கள், பலவற்றை எரித்தார்கள். நெஸ்தோரியுஸ் முதலான கீழைத் திருச்சபைப் பெரியவர்களின் பெயர்களை வழிபாட்டில் இருந்து நீக்கினார்கள். கந்தீசங்களுக்கும் ஒரு தீர்மானம் வந்தது. இவர்கள் பாபிலோன் பக்கம் இருந்து வந்தவர்கள், பதிதர்களாக இருக்க வாய்ப்பு உண்டு, புனிதர் என்பதற்கு ஆதாரம் இல்லை. ஆகவே இவர்கள் பெயரில் உள்ள பள்ளிகளை எல்லாம் 'சகல புனிதர்கள்' பள்ளி என்று மாற்றவேண்டும்.

எனக்கு இதில் கோபத்தை விட ஆச்சரியம் தான் அதிகம். இரண்டு பேரை எடுத்துவிட்டு அந்த இடத்தில் 'எல்லாரையும்' வைத்திருக்கிறார்கள். அந்த எல்லாரிலும் இந்த இருவருக்கு மட்டும் இடமில்லை.

இன்னொரு வேடிக்கை நம் சென்னையில். 1547-இல் பரங்கிமலையில் கோயில் கட்டத் தோண்டும்போது போர்த்துக்கீசியர்களுக்கு ஒரு கல் சிலுவை கிடைத்தது. சுற்றிலும் புரியாத எழுத்து. ஒரு பிராமணரைக் கூட்டிவந்து படிக்கச் சொல்ல, அவர் தோமாவின் கதையை நீளமாகப் படித்துக் காட்டினாராம். சிலுவை பீடத்தில் ஏறியது, இரத்தம் வேர்த்தது என்று புகழ் பரவியது. பிற்பாடு ஏ.சி. பர்னல் 1873-இல் அது பஹ்லவி என்று எழுதினார். அதாவது பாரசீகக் கிறிஸ்தவர்கள் வைத்த சிலுவை. எந்தச் சபையின் புனிதர்களை உதயம்பேரூரில் தள்ளிவைத்தார்களோ, அதே சபையின் சிலுவையைப் பரங்கிமலையில் முழங்காலிட்டுக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள். படிக்கத் தெரிந்திருந்தால் அந்தக் கல் தப்பியிருக்குமா என்பது என் சந்தேகம்.

உதயம்பேரூரின் விளைவு தெரிந்தது தான். 1653 ஜனவரி 3, மட்டாஞ்சேரியில் கூனன் குரிசு சத்தியம். சபை உடைந்தது. பிறகு உடைந்தது மேலும் மேலும் உடைந்தது. தரிசாப்பள்ளிச் செப்பேடுகளே இன்று ஒரு பகுதி திருவல்லாவில் மார்த்தோமா சபையிடமும், இன்னொரு பகுதி கோட்டயத்தில் ஆர்த்தடாக்ஸ் சபையிடமும் இருக்கின்றன. சொத்துப் பிரித்த அண்ணன் தம்பி வீட்டுப் பாத்திரம் போல.

இதன் நடுவில் மாட்டிக்கொண்ட ஒரு பெரியவர் பருமலா திருமேனி, அதாவது கீவர்கீஸ் மார் கிரிகோரியோஸ். 1848-இல் பிறந்து 1902 நவம்பர் 2-இல் இறந்தார். 1930-இல் மார் இவானியோஸ் தலைமையில் ஒரு கூட்டம் ரோமுடன் சேர்ந்து மலங்கரா கத்தோலிக்கர் ஆனது. குமரி மாவட்டத்தில் மார்த்தாண்டம் மறைமாவட்டம் அந்த வழி வந்தது தான், அங்கே வழிபாடு தமிழில் நடக்கிறது. 1947-இல் ஆர்த்தடாக்ஸ் சபை திருமேனியைப் புனிதர் என்று அறிவித்தது. கணக்குப் பாருங்கள். அவர் வாழ்ந்த காலத்தில் அந்த வீடு பிரியவில்லை. பட்டம் வந்த காலத்தில் பிரிந்துவிட்டது. 1930-இல் ரோமோடு போனவர்களுக்கும் அவர் தாத்தா முறை தானே? பருமலாவுக்கு இன்றும் சபை, மதம் பார்க்காமல் ஆட்கள் போகிறார்கள். கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்றுகிறவரிடம் நீ எந்தக் கட்சி என்று யார் கேட்பது?

ரோம் மெல்ல மெல்லத்தான் இறங்கிவந்தது. 1965-இல் ரோமும் கான்ஸ்டாண்டிநோபிளும் 1054-இன் சாபங்களை நீக்கிக்கொண்டன. இந்த நூற்றாண்டில் வந்த ரோமன் மறைசாட்சியர் பட்டியலில் ரஷ்யாவின் ரதோனெஷ் செர்கியுஸ் பெயர் இருக்கிறது. 14-ஆம் நூற்றாண்டு ஆள், பிரிவுக்கு வெகுகாலம் பின்னால். 2015 ஏப்ரல் 12-இல் ஆர்மீனியத் துறவி நாரெக் கிரகோரியைத் திருத்தந்தை பிரான்சிஸ் திருச்சபையின் மறைவல்லுநர் என்று அறிவித்தார். (சென்னை அரண்மனைக்காரத் தெருவில் 1772-இல் கட்டிய ஆர்மீனியர் கோயில் அமைதியாகக் கிடக்கும். அதே தெருவில் அந்தோணியார் கோயிலில் செவ்வாய்க்கிழமை நிற்க இடம் இருக்காது.)

2015 பிப்ரவரியில் லிபியாவில் கொல்லப்பட்ட 21 பேர், அதில் 20 பேர் எகிப்தியக் காப்டிக் கூலித் தொழிலாளிகள். பிழைக்கப் போன இடத்தில் செத்தவர்கள். காப்டிக் சபை சில நாட்களிலேயே அவர்களை மறைசாட்சிகள் என்றது. 2023 மே மாதம் ரோமும் தன் பட்டியலில் சேர்த்துக்கொண்டது. புதிதாக விசாரணை இல்லை, அற்புதம் கேட்கவில்லை. அடுத்த சபை சொன்னதை அப்படியே ஏற்றுக்கொண்டது.

2024 நவம்பரில் வந்தது தான் நம் கதைக்கு முக்கியம். நினிவே ஈசாக்கு பெயர் சேர்ந்தது. 7-ஆம் நூற்றாண்டில் இன்றைய கத்தார் பக்கம் பிறந்து, சில மாதங்கள் மட்டும் ஆயராக இருந்துவிட்டு, வேண்டாம் என்று மலைக்குப் போன துறவி. சபை? அதே கீழைத் திருச்சபை. 1599-இல் பாபிலோன்காரர்கள் என்ற சந்தேகமே போதுமானதாக இருந்தது. 425 வருடம் கழித்து அதே 'பாபிலோன்காரர்' ஒருவர் ரோமின் காலண்டரில்.

கந்தீசங்கள் என்ன ஆனார்கள்? அகப்பறம்பில் யாக்கோபாயர் பள்ளி இன்றும் மார் சபோர், மார் அப்ரோத் பெயரில் தான் இருக்கிறது. கோட்டயம் மாவட்டம் கோதநல்லூரில் கதை வேறு. அது கத்தோலிக்கப் பள்ளி. அங்கே இப்போது இருப்பவர்கள் மிலான் நகரத்து இரட்டை மறைசாட்சிகள் ஜெர்வாசிஸ், புரோத்தாசிஸ். புரோத்துக்குப் பதில் புரோத்தாசிஸ், ஓசை கிட்டத்தட்ட ஒன்று தானே! ஆனால் ஊர்க்காரர் வாயில் அது இன்றைக்கும் கந்தீசங்களின் பள்ளி. பெயர் மாற்றத்தால் வேறொன்றும் நடந்திருக்கிறது. வந்தவர்கள் இரட்டையர் என்பதால், ஜூன் மாதத் திருவிழாவுக்குக் கேரளத்தின் பல ஊர்களில் இருந்து இரட்டைப் பிள்ளைகள் அங்கே கூடுகிறார்கள்.

அக்காவிடம் இதையெல்லாம் சொன்னேன். செருப்பைப் பற்றி இன்னும் பேசி முடிக்காத அவர் வீட்டுக்காரர், "அந்த ஊருக்கு ரயில் போவுதா?" என்று கேட்டார். அவர் தங்கை பேத்திகள் ரெண்டும் இரட்டை.